அக்கி வந்து போன பிறகு

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் ஒருவாறு முடிந்து, நாங்கள் திரும்பவும் ஒழுங்காகக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். கற்பிட்டிக்கு மேற்கே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இது நடந்தது. போட்டில் நானும் என் மூத்த சகோதரரும் மட்டும். அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர். போட் அவருடையது. இஞ்சினையும் அவர்தான் பிடிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவருடைய நெற்றியிலும் இடது கண்ணைச் சுற்றியும் கொப்புளம் போட்டிருந்தது. அக்கி என்று பார்த்தவுடனேயே எல்லாருக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவருடைய மனைவி, என் மதினி, கேட்டார். நானா மறுத்துவிட்டார். மதினி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். எரிச்சலில் மனிதர் படுக்க முடியாமல் கிடந்தார். பிறகு கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

அன்று வலையை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். கரையில் கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நானா போட்டை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். யாருடையதோ வலை மிதப்பு ஏதும் கண்டிருப்பார் என்று நான் பேசாமல் இருந்தேன். கரை சிறுத்துக்கொண்டே போகவும், எங்கே போகிறோம் என்று கேட்டேன். இஞ்சினைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, எங்கட கரை எந்தப் பக்கம்?”

பகிடி, விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் பகிடி இல்லை. காற்றாடிகளைக் காட்டினேன். அதெல்லாம் என்ன என்று கேட்டார். நான் எழும்பி இஞ்சினை வாங்கினேன். தடுக்காமல் விட்டுக் கொடுத்தார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அன்று நான் கூடப் போகாமல் இருந்திருந்தால் எண்ணெய் தீரும்வரைக்கும் அவர் அப்படியே போயிருப்பார்.

வீட்டுக்கு வரும்போது நானாவின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என்னை, எப்போதோ மௌத்தாகி அடக்கம் செய்த எங்கள் வாப்பா என்று நினைத்துக் கதைத்தார். சொந்தக்காரர் வந்து கூடினார்கள். கடலில் ஏதோ பட்டிருக்கிறது, ஓதிப் பார்ப்போம் என்றார்கள் சிலர். வெயில் அடித்திருக்கிறது என்றார்கள் சிலர். மதினி அலுமாரியைத் திறந்து நானாவின் உடுப்பை எடுத்து பேக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஓதுறவர் வரட்டும், நான் வேணாங்கல்ல. முதல்ல ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிங்க.”

அங்கே இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். நெற்றியில் இருந்த தழும்பைத்தான் முதலில் பார்த்தார், அது எப்போது வந்தது என்று விசாரித்தார். முள்ளந்தண்டில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். அக்கியைக் கொண்டுவந்த கிருமி மூளைக்கும் போயிருக்கிறது என்றார். சின்ன வயதில் கொப்புளிப்பான் என்கிற அம்மை வந்தவர்களுடைய உடம்பில் அந்தக் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடக்குமாம், வயது போகும்போது சிலருக்கு மட்டும் எழும்புமாம். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். நானா மெல்ல மெல்லத் தெளிந்து, தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேல் நல்லாகத்தான் இருந்தார். பிறகு வேறு மாதிரி ஒரு மறதி தொடங்கியது. காய்ச்சல் இல்லை, அவசரமும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சோறு கேட்பார். மதுரங்குளிக்கு பஸ்ஸில் போய் இறங்கிவிட்டு, எதற்கு வந்தேன் என்று எனக்கு போன் எடுப்பார். கிளினிக்கில் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் எங்கள் எல்லாருக்கும் மூத்த சகோதரியான ராத்தா, மதினியின் காதில் விழும்படி சொன்னார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இலையைப் பூசிக்கொண்டிருந்ததால்தான் தன் தம்பிக்கு இந்த நிலை என்று.  அதற்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கு மதினி போவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த கிளினிக்கில் அதே டொக்டர் இருந்தார். மதினி என்னிடம், “கேளுங்க தம்பி. நான் பூசினதாலயா எண்டு கேளுங்க,” என்றார். சிங்களத்தில் கேட்டேன்.

 டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்படியான கிருமிகளுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று உலகத்தில் பலரும் ஆராய்கிறார்கள். அக்கிக்குத் தடுப்பூசி போட்டவர்களிடம் மறதி குறைவாகத் தெரிகிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் முடிவு இன்னும் இல்லை. அக்கி வந்தவர்களில் கூடுதலானவர்களுக்கு மறதி வருவதில்லை. அக்கியே வராதவர்களுக்கும் மறதி வருகிறது. கொப்புளம் போட்டவுடனேயே வந்திருந்தால் நல்லதுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வந்திருந்தால் இந்த மறதி வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க அப்படியே சொன்னாங்களா, நீங்க எனக்காகச் சேத்துச் சொல்றீங்களா?”

டொக்டருக்கு விளங்கியிருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், மதினியைப் பார்த்தே சொன்னார்.

“தெரியா அம்மா. எனக்குத் தெரியா. ஒருத்தருக்கும் தெரியா.”

மதினி ஓம் என்று தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்த நானாவின் கையைப் பிடித்து எழுப்பி, பிளேன்டீ குடிப்போமா என்று கேட்டார். போகும் வழியில், வருகிற கிழமை ராத்தாவின் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று அவராகவே என்னிடம் சொன்னார்.

நானா இப்போது கடலுக்கு வருவதில்லை. சில நாட்களில் என்னைத் தெரிகிறது, சில நாட்களில் இல்லை. கரையில் யாருக்காவது கொப்புளம் போட்டது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போகச் சொல்கிறேன். ஒரு நோய்க்குக் காரணம் தெரிந்தால்தான் வீட்டாருக்கு மனசு ஆறும் என்று அதுவரைக்கும் நம்பியிருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் நேராகச் சொல்வதாலும் ஆறும் என்பதை அந்தக் கிளினிக்கில்தான் கண்டேன்.