கழுவிக் கொண்டு வந்த மீன்

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பெஹாலாவில் நான் வேலை பார்க்கும் மீன்நோய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு, வடக்கே மலையிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். ட்ரவுட் மீன் பண்ணைக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர். கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியின் மூடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசும்போதும் துடைத்தார்.

திறந்து பார்த்தேன். ஐஸுக்குள் குடல் எடுத்து, செவுள் நீக்கி, பளபளவென்று கழுவிய மீன்கள். வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் செய்து பார்க்க எனக்கு வேண்டியதே சிறுநீரகமும் மண்ணீரலும்தான். அவற்றைத்தான் வழித்துப் போட்டிருந்தார்!

"நான் என்ன சமைக்கவா கேட்டேன்? நோய் வந்த மீனை முழுசா கொண்டு வாங்கன்னு போன்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று இந்தியில் கத்தினேன்.

"கழுவாத மீனை ஒருத்தர் கையில எப்படிக் கொடுக்கறது, தீதி? அது மரியாதையா? இது நல்ல மீனாப் பார்த்து எடுத்தது."

"அப்போ நோய் வந்த மீனெல்லாம் எங்கே?"

"அதுங்க சுத்திச் சுத்தித் தவிக்கிறதைப் பார்க்க முடியலை. கொல்லவும் மனசு வரலை. ஓடையில விட்டுட்டேன்."

"ஓடையிலயா? அந்தத் தண்ணியோட நோயும்தானே போகும்! கீழே யாராவது பண்ணை வச்சிருக்காங்களா?"

"என் தம்பி வச்சிருக்கான்" என்றார், மூடியைத் துடைத்துக்கொண்டே.

நான் அவரையே பார்த்தேன். மூடியில் பாதி தூரம் போன கைக்குட்டை அப்படியே நின்றது.