எலும்பில்லாத ஒன்றைப் பற்றிப் பேசிய நாள்

நான் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். மல்வேர்னில் ஒரு சமூக நிலையத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஈரச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரைக்குச் சண்டை பிடிப்போம். இப்போது மார்க்கம் நகரிலிருந்து காரில் அந்தப் பக்கம் போகும்போது, சந்தியில் சிவப்பு விளக்கு விழாதா என்று ஆசைப்படுவேன். கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாமே.

வகுப்பின் முடிவில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுந்து நின்று பேச வேண்டும். அதில் தேறினால் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேரலாம். தேறாவிட்டால், அதுவரை செய்துவந்த, உறைந்த கோழியைப் பொதி செய்யும் வேலைதான். வீட்டுக்கு வந்தும் விரல்கள் மடங்காது. அந்தக் குளிருக்குத் திரும்பிப் போகவே கூடாது என்று மனதுக்குள் கங்கணம் கட்டியிருந்தேன்.

மற்றவர்கள் தங்கள் நாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் ஊரைப் பற்றித் தொடங்கினால் அழுகையில்தான் முடிப்பேன் என்று எனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்த, மற்றக் கடல் பிராணிகள்போல் வேஷம் போடும் ஒரு பேய்க்கணவாயை, அதுதான் ஒக்டோபஸை, தெரிவு செய்தேன். "கறிக்குப் போடுறதைப் பற்றி என்ன பேசப் போறீர்?" என்று கணவர் சிரித்தார்.

எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் பாடமாக்குவதுதானே. ஒரு கட்டுரையை எழுதி, முன்னும் பின்னும் நடந்து, கமா முற்றுப்புள்ளியோடு விழுங்கினேன். மூன்று இதயம், நீல இரத்தம், கிளியின் சொண்டு மாதிரி வாய், வெள்ளையும் மண்ணிறமுமாக வரி போட்ட எட்டுக் கைகள். கறி கொதிக்கும்போதும் வாய் அதையே முணுமுணுத்தது.

அன்றைக்கு நன்றாகத்தான் தொடங்கினேன். இதயங்களைத் தாண்டினேன், இரத்தத்தைத் தாண்டினேன். அந்த நேரம் பார்த்து ரீச்சர், உண்மையான ஆவலோடுதான், குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். மற்றப் பேய்க்கணவாய்கள் மை கக்கிவிட்டு ஓடுகின்றனவே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை வேஷம்?

என் கட்டுரையில் அந்தக் கேள்வி இல்லை. சங்கிலி அறுந்துவிட்டது. விட்ட இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன், அதுவும் வரவில்லை. முகம் கொதித்தது. கண்ணுக்கு முன்னால் கோழிப் பெட்டிகள்தான் வந்து நின்றன.

முன் வரிசையில் என்னோடு எப்போதும் கதைத்துக்கொண்டிருக்கும் முஸ்லிம் பெண் இருந்தார். அவரும் இலங்கைதான், கணவர் கார் திருத்தும் கடை வைத்திருந்தார். அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "அக்கா, சொல்லாதீங்க. அது செய்றத செஞ்சு காட்டுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை. கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டிக் குனிந்து, தட்டை மீன் மணலில் வழுக்கிப் போவதுபோல் மேசைக்கு முன்னால் போனேன். யாரோ "மீன்" என்றார்கள். பிறகு விரல்களை விரித்து, நஞ்சு முள்ளுள்ள சிங்கமீனாக மிதந்தேன். கடைசியில் மேசைக்குக் கீழே உடம்பை ஒளித்துக்கொண்டு, இரண்டு கைகளை மட்டும் எதிரெதிர்ப் பக்கமாக நீட்டி நெளித்தேன். பின் வரிசையிலிருந்த சீனத்து அங்கிள் ஆங்கிலத்தில் "பாம்பு" என்று கத்த, வகுப்பே சிரித்தது. நானும் மேசைக்குக் கீழே இருந்தபடி சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின் அப்படி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் என் சால்வையைச் சரிசெய்தேன். ரீச்சரின் கேள்வி இன்னும் அங்கேயே நின்றது. பதில் தானாக வந்தது, உடைந்த ஆங்கிலத்தில்: "அதுக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. ஒளிக்கக் கல்லும் இல்லை, வெறும் மணல். வாற ஆளைப் பார்த்து மாற வேணும்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வெறும் மணலில் வந்து நிற்பது என்றால் என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தன் நாட்டைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். ரீச்சர் என்னைத் தேறியதாக எழுதினார்.

செய்து காட்டச் சொன்ன அந்தத் தோழி பிறகு வேறு நகரத்துக்குப் போய்விட்டார், தொடர்பும் விட்டுப்போனது. பாடமாக்கிய கட்டுரையில் ஒரு வரியும் இப்போது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் வேலை செய்யும் பராமரிப்பு இல்லத்தில் பேச்சு இழந்த ஒருவர் கையை அசைத்து எதையோ சொல்ல முயலும்போது, அவசரப்படாமல் அவர் முன்னால் உட்கார்ந்து, "செய்து காட்டுங்கோ, எனக்கு விளங்கும்" என்று சொல்ல அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொண்டேன்.