தறிக்குழிக் கூண்டு

என் பெரியப்பாவை நான் ஒருமுறை விசாரித்துத் தண்டனை கொடுத்திருக்கிறேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நீதிபதிக்குரிய அங்கி கிடைக்காததால் அத்தையின் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டேன். என் தீர்ப்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த வயதில் எதில்தான் சந்தேகம் வருகிறது?

ஆரணியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் அப்பாவின் தறி, அந்தப் பக்கம் பெரியப்பாவின் தறி. ஒரு வருடம் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள், அதுதான் பாவு. திடீரென்று மழை வந்து அத்தனையும் நனைந்துவிட்டது. வானம் கறுத்தபோதே அதைச் சுருட்டியிருக்க வேண்டியவர் யார் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை மூண்டது. அந்த நேரத்தில் இருவருமே டீக்கடையில் இருந்தார்கள். அதை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பெரியப்பாவின் மகளும் மகனும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உடன்பிறந்தவர் இல்லாத எனக்கு அந்த அக்காவும் தம்பியும்தான் எல்லாம். பள்ளிக்குப் போகிற வழியில் தினமும் அக்கா என் வகிட்டைப் பார்த்து, “கோணலா எடுத்துகினு வந்துட்டியா?” என்று திட்டிச் சரிசெய்வாள். அதுவும் நின்றுபோனது. நான் கோணல் வகிட்டோடு அவர்களுக்குப் பின்னால் தனியாக நடந்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

பொங்கலுக்குள் பெரியவர்கள் ஒருவாறு சமாதானமானார்கள். தெருவில் பார்த்தால் “சாப்டியா?”, “ஆச்சு” என்கிற அளவுக்குப் பேச்சு வந்தது. ஆனாலும் ஒருவர் வாசற்படியை மற்றவர் மிதிக்கவில்லை. பிள்ளைகள் மேல் போட்ட தடையை எடுக்கவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. போர் முடிந்த சேதி தெரியாத காவல்காரர்களைப்போல அந்த இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு அத்தை வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை, சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவள். லேப்டாப்பில் ஒரு பழைய ஆங்கிலப் படம் கொண்டுவந்திருந்தாள். கறுப்பு வெள்ளை. பெரியப்பா வீட்டுத் தறிக்கூடத்தில் வைத்துப் போட்டாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அக்காவும் தம்பியும் ஒரு மூலைக்கு நகர்ந்தார்கள். நான் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய போர் ஒன்று முடிந்த பிறகு, தோற்ற நாட்டின் அதிகாரிகளைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கிற கதை அது. சண்டை உண்டென்று நம்பி வந்த தம்பிக்குப் பெரிய ஏமாற்றம். முழுக்கப் பேச்சுதான். அதையெல்லாம் அத்தை உடனுக்குடன் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். அவள் புண்ணியத்தில் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் எங்கள் மார்க்கெட் தெருவில் நின்று பேசுவதுபோலப் பேசினார்கள். “மேல இருக்கறவங்க சொன்னாங்க, செஞ்சேன். என் கையில இன்னா இருக்குது?” என்றார் ஒரு நரைத்த அதிகாரி. அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார்.

படம் முடிந்ததும் அத்தை எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “நாமளும் ஒரு கோர்ட்டு போடலாமா? இவதான் ஜட்ஜு” என்று துப்பட்டாவை என்மேல் போட்டாள். கூண்டுக்கு ஏற்ற இடம் தறிக்குழிதான். நெசவாளர் காலை உள்ளே விட்டு மிதிப்பதற்கென்று தறிக்கு அடியில் தோண்டியிருக்கும் பள்ளம் அது. ஆனால் அதில் காலைத் தொங்கவிட்டபடி பெரியப்பா நெய்துகொண்டிருந்தார்.

“எழுந்துருண்ணா, கூண்டு வேணும்.”

“பேஜார் பண்ணாத. இந்தச் சேலைய ஜல்தியா முடிக்கணும்.”

“அப்போ குற்றவாளி நீதான்” என்றாள் அத்தை. பெரியப்பா சிரித்துவிட்டு, ஊடை இழையைக் குறுக்கே ஓட்டுகிற நாடாவைத் தள்ளினார்.

முதல் சாட்சி அக்கா. எனக்குக் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“ஏன் என்கிட்ட பேசல?”

அக்கா தரையைப் பார்த்தாள். “அப்பா சொன்னாரு.”

தம்பியைக் கேட்டேன். “அப்பா சொன்னாரு. நான் சின்னப் பையன்” என்றான்.

அதற்குமேல் அது விளையாட்டாக இல்லை. தறிப் பக்கம் திரும்பினேன்.

“நீங்களா சொன்னீங்க பெரிப்பா?”

நாடா அவர் கையிலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஆமா. பசங்க மேல தப்பு இல்ல.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?” படத்தில் வக்கீல் விடாமல் கேட்டதைப்போல நானும் விடவில்லை.

“யாரும் சொல்லல கண்ணு. நானேதான் சொன்னேன். தப்புதான்.”

அந்தப் பக்கம் தறிச்சத்தம் நின்றது. அப்பாவுக்கு இழை அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டனை என்ன என்று அத்தை கேட்டாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “இன்னைக்கி எல்லாரும் எங்க வீட்ல வந்து சாப்பிடணும்.” “சரிங்க ஜட்ஜம்மா” என்று பெரியப்பா சொல்லிக் குழியிலிருந்து காலை எடுத்தார்.

அன்று மத்தியானம் அப்பாவே பரிமாறினார். “போட்டுக்கோண்ணா” என்பதைத் தவிர வேறு பேசவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. ரசம் ஊற்றும்போது இலையைத் தாண்டித் தரையெல்லாம் சிந்தியது. “பார்த்து ஊத்துப்பா” என்று நான் அதட்டினேன். சாப்பிட்டு எழுந்ததும் அக்கா ஈரக்கையாலேயே என் வகிட்டை நேராக எடுத்துவிட்டாள். அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் என் சிறுவயதில் இல்லை.

போன மாதம் அப்பா சென்னைக்கு வந்து என்னோடு தங்கியிருந்தார். பேச்சுவாக்கில் அந்தப் படத்தின் ஞாபகம் வந்து, தேடிப் பிடித்துப் போட்டேன். இந்த முறை தமிழாக்கியது நான். நரைத்த அதிகாரி “மேல இருக்கறவங்க சொன்னாங்க” என்ற இடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார்.

“உங்க பெரிப்பாவும் இதையே சொல்லியிருக்கலாம்.”

எனக்குப் புரியவில்லை.

“பாவு நனைஞ்ச அன்னைக்கு ஆத்திரத்துல, ‘உன் பசங்க என் பொண்ணுகிட்ட வரவே கூடாது, சொல்லி வை’ன்னு அவர்கிட்ட கத்தனது நான்தாம்மா. அவர் போயி பசங்ககிட்ட சொன்னாரு, அவ்ளோதான். நீ கேட்டது, அவர் சொன்னது எல்லாத்தையும் நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுகினுதான் இருந்தேன்.”

“உங்க அப்பா சொன்னாரு” என்று பெரியப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், அவர்மேல் இருந்த வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். நான் அந்தப் பதிலோடு சுவரைச் சுற்றி என் வீட்டுக்குப் போய், அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதை நினைக்க நினைக்கப் பெரியப்பா மேல் பொங்கி வந்த பாசத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குப் போன் போட்டேன். நன்றி என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அதனால், “நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடணும் பெரிப்பா” என்றேன்.

“மறுபடியுமா? இப்போ இன்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டார் பெரியப்பா.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் தண்டனை அன்று யார் மேல் விழுந்தது என்பதை, அவர் கையிலிருந்து ரசம் சிந்தியபோதாவது நான் கவனித்திருக்கலாம். ஆனால் ஓடுகிற தறி நடுவில் நின்றால் இழை அறுந்துவிட்டது என்று மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரியும்.