சக்கரம் தெரிகிற வீடு

என் மகளும் மாப்பிள்ளையும் பெங்களூருக்குக் குடிபோவதா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே ஓர் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு காகிதத்தோடு வந்தாள். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் பசவனகுடி, மறுபக்கம் மல்லேஸ்வரம். கீழே குழாய்த் தண்ணீர், கரண்ட் விளக்கு, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. படிக்க வைத்தது வீண் போகவில்லை.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று அம்மாவைக் கேட்டாள். என் மனைவி கன்னிம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "மாப்ள வேல செய்யற எடம் வூட்டு வாசல்ல இருந்து தெரியுமா?" என்றாள்.

"ஆபீஸு எதுக்கும்மா வாசல்ல இருந்து தெரியணும்?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

நானும் ஒரு காலத்தில் ஓர் ஊரைப் பற்றிக் காகிதம் எழுதினவன்தான். எங்கள் கிராமம் குடியாத்தம் பக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் மேஸ்திரி ஒருவர் பின்னால் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வந்தேன். மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒண்டி ஆள்களை எல்லாம் ஒரே தட்டிக் குடிசையில் அடைத்துவிடுவார்கள். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, உள்ளே எட்டுப் பேர். குடும்பத்தைக் கூட்டி வந்தால் தனிக் குடிசை. புது மூங்கில் தட்டியில் மழைச்சாரல் பட்டால் ஒரு வாசனை வரும், பச்சை வைக்கோலும் புகையும் கலந்தாற்போல். இன்றைக்கும் சந்தையில் தட்டி விற்கிறவனைத் தாண்டிப் போனால் எனக்கு இருபது வயசாகிவிடும்.

கன்னிம்மா என் அக்கா மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம், அதில் ஒரு வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. மூன்றாம் வகுப்பு வரை படித்த மிதப்பில் ஒரு கடிதம் எழுதினேன். ரயில் ஊருக்குள்ளேயே வருகிறது, தண்ணீர் வாசலுக்கே வண்டியில் வருகிறது, வீடுகள் கோடு போட்டாற்போல் வரிசையாக இருக்கின்றன, எனக்குக் கம்பெனியில் நல்ல வேலை. எல்லாம் எழுதினவன், அந்த வேலை பூமிக்கு அடியில் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரை நாலு தடவை படிக்கச் சொல்லி முழுக் கடிதத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். அவர் கையாலேயே பதில் எழுதி அனுப்பினாள். வந்து நாலு நாள் பார்ப்பாளாம். பிடித்தால் இருப்பாளாம். பிடிக்கவில்லை என்றால் அவளோடு நானும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமாம். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? வெடித்துக் கிடந்த ஒரு துண்டு நிலமும் பட்டினியும்தான். நான் பயந்துபோனேன்.

ஒரே ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். இறங்கினதும் கடிதத்தை ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள். "ரயிலு வருதுன்ன. சரி." தண்ணீர் வண்டியைச் சுற்றி ஐம்பது பேர் குடத்தோடு இடித்துக்கொண்டு நின்றார்கள். "வாசலுக்கே வருதுன்னியே மாமா?"

"அதோ, அந்த வூட்டு வாசலுக்கு வருதே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

என்னோடு கீழே கல் வண்டி தள்ளுகிற அந்தோணி வீட்டில் அவளைத் தங்கவைத்தேன். அந்தோணியின் மனைவி ஞானம்மா நல்ல வாயாடி, நல்ல மனுஷி. சாயங்காலம் என் சட்டையைத் துவைக்க எடுத்த கன்னிம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்பட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மெழுகுச் சொட்டு.

"இன்னா மாமா இது? மெழுகுவத்தியா?"

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "கிறிஸ்து வேதத்துல சேந்துட்டியா? சேந்தா சேந்தேன்னு சொல்லு. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்குள் ஞானம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அடி ஆத்தாடி! எங்க கோயில்லயே இவ்ளோ மெழுகு ஒழுகாதும்மா. இது தலைல ஏத்தி வச்சிக்கினு கீழ போற மெழுகு!"

அப்போதெல்லாம் சுரங்கத்துக்குள் கரண்ட் விளக்கு ஏது? தொப்பியில் ஓர் உருண்டை களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு இறங்குவோம். குனிந்து தள்ளினால் மெழுகு உருகித் தோளில் சொட்டும்.

"கீழன்னா எவ்ளோ கீழ?" என்றாள் கன்னிம்மா. ஞானம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நம்ம ஊர்க் கிணற்றை ஐம்பது தடவை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு என்றேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் வீடு பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடிசை வரிசையை லைன் என்போம்; நான் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்த லைனுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் எங்கள் பக்கத்து ஜனம். வேப்ப மரம், நல்ல காற்று, ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டையிலிருந்து கேழ்வரகும் முள்ளங்கியும் ஏற்றிக்கொண்டு வண்டி நேராக அங்கேதான் வரும். "வா கண்ணு, இங்கயே வந்துடு" என்று பெண்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கன்னிம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "சுரங்கத்துச் சங்கு இங்க கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காது! நிம்மதியா தூங்கலாம்" என்றார்கள் பெருமையாக. அவள் எழுந்துவிட்டாள்.

அங்கிருந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான ஷாப்ட் இருக்கும் பக்கமாக அவள் பாட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அந்தோணி வீட்டு லைனில் கடைசிக் குடிசை காலியாக இருந்தது. யாரும் எடுக்காத குடிசை. பக்கத்திலேயே கல்லை இடித்துத் தூளாக்குகிற ஸ்டாம்பு மில், இராப்பகலாக இடி. காற்றுக் காலத்தில் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைக்கிற சயனைட் மணல் பறந்து வந்து சோற்றில் விழும். அந்தக் குடிசை வாசலில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். எதிரே ஷாப்டின் மேல் நிற்கிற உயரச் சாரத்தின் உச்சியில் பெரிய சக்கரம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆள்களை இறக்கவும் ஏற்றவும் சுற்றுகிற சக்கரம். சங்கு ஊதியது, சக்கரம் சுற்றியது, நின்றது. ஷிப்ட் முடிந்த ஆள்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மறுபடியும் சுற்றியது, மறுபடியும் நின்றது. கடைசி ஆள் வரும்வரை அவள் அசையவில்லை.

"இந்த வூடுதான் மாமா."

"இந்தச் சத்தத்துலயா? தூளு பாரு!"

"தூளு பெருக்குனா போயிடும். சத்தம் பழகிடும். நீ கீழ போறத நான் தடுக்கல. மேல வர்றத நான் பாக்கணும்."

பத்தொன்பது வயசுப் பெண் அவள். ஓர் ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

நான் கேஜில் நாலாவது தடவை வருகிற ஆள். சக்கரம் இரண்டாவது தடவை நின்றதும் உலையில் அரிசி போடுவாள். நான் குளித்துவிட்டு உட்காரும்போது சோறு வடித்து ஆவி பறக்கும். என் பெண்டாட்டி கம்பெனி என்ஜினை வைத்துச் சமைக்கிறாள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். தட்டிக் கதவில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மணலைத் தடுத்தாள். சத்தத்தைத்தான் தடுக்க முடியவில்லை. அதனால் எங்கள் குடும்பமே கத்திப் பேசுகிற குடும்பமாகிவிட்டது. மாப்பிள்ளை முதல் தடவை வந்தபோது நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துச் சமாதானம் செய்ய வந்தார்.

இதற்கெல்லாம் வெகு முன்னால் ஒரு மத்தியானம். ஏர் பிளாஸ்ட் என்போம், பூமிக்கு அடியில் பாறை தானாகவே வெடிக்கும். மேலே பாத்திரமெல்லாம் உருண்டது, சக்கரம் நின்றது. நான் கீழே ஒரு மூலையில், இருந்த மெழுகுவத்திகளை அணைத்து ஒன்றை மட்டும் எரியவிட்டு, பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தேன். மேலே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். வேப்ப மரத்து லைன் பெண்கள்கூட எங்கள் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். சக்கரம் தெரிகிற வாசல் அதுதானே. கன்னிம்மா பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் மட்டும் உட்காரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சக்கரம் சுற்றியது. நான் வெளியே வந்தபோது, "மூணு தடவ உலை வச்சி எறக்கிட்டேன் மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் அழுதேன்.

அந்தோணி எந்தத் தடவையிலும் வரவில்லை. நாலு நாள் ஞானம்மா எங்கள் வாசலில் நின்றாள், கன்னிம்மா அவள் பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஞானம்மாவின் அண்ணன் பங்காருபேட்டையிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அந்த லைன் இல்லை. தட்டி வீடு ஒன்றுகூட இல்லை, அந்த இடத்தில் மணல் மேடுதான் இருக்கிறது. ஸ்டாம்பு மில் நின்ற பிறகு கொஞ்ச நாள் எங்களுக்குத் தூக்கமே வரவில்லை. நான் வேலையிலிருந்து நின்று பல வருஷமாகிவிட்டது. போன மாதம் அந்த ஷாப்டையும் மூடிச் சக்கரத்தை இறக்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். சங்கிலி கட்டி மெதுவாக இறக்கித் தரையில் சாய்த்தார்கள். கன்னிம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்கதான மாமா?" என்றாள்.

"வந்துட்டாங்க" என்றேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன பொய் இது ஒன்றுதான். ஒரு சொட்டு மெழுகைப் பார்த்து என்னைப் பிடித்தவள், இதை மட்டும் பிடிக்காமல் விட்டுவிட்டாள். "சரி வா, உலை வைக்கணும்" என்று முன்னால் நடந்தாள்.