கிணற்றில் ஒரு சோற்றுப் பருக்கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒருநாள் நான் கத்திய கத்தலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கிணறுகளில் எவ்வளவு ஊறுகிறது, தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று பார்ப்பது என் வேலை. அந்தத் தோட்டத்துக்குக் கீழே ஒரு கல்குவாரி. அதை ஒட்டிப் பள்ளத்தில் ஓடும் ஓடையில்தான் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுத்தார்கள். வெடி வைத்த நாளில் ஓடை அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்துவிடும். லயத்துக்கு மேலே புதிதாக ஒரு கிணறு வெட்டியிருந்தார்கள். ஊற்று போதுமானதாக இருந்து, தண்ணீரும் சுத்தமாக இருந்தால் குழாய் வரும். இல்லாவிட்டால் பழையபடி பள்ளத்துக்கு இறங்க வேண்டியதுதான்.

கடைசி வீட்டு அக்காவுக்குத்தான் அந்தக் கவலை அதிகம். குடத்தோடு அந்தப் பாதையில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. அந்தக் காலோடு கொழுந்தெடுக்கவும் போனார், தினம் இரண்டு தடவை பள்ளத்துக்கும் இறங்கினார். நான் போய் நின்றதும், பிள்ளையின் பரீட்சை முடிவைக் கேட்பது போலக் கேட்டார்.

"மிஸ், கெணறு பாஸாகிருமா?"

மோட்டாரை இறக்கி, இருந்த தண்ணீரையெல்லாம் இறைத்து, லயப் பக்கம் ஓடும் வடிகால் கானில் விட்டேன். இனி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று நாடா விட்டு அளக்க வேண்டும். நல்ல குளிர். அக்கா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அளவை விட்டுவிட்டுப் போகக் கூடாது, போனேன். இரண்டு வீட்டில் குடித்துவிட்டு வந்து நாடாவை இறக்கினால், முக்கால் கிணறு நிரம்பியிருந்தது! "பாஸாகிருச்சுக்கா!" என்று நானே குதித்தேன்.

பரிசோதனைக்கு அனுப்பத் தண்ணீர் மொண்டேன். போத்தலில் ஒரு சோற்றுப் பருக்கை மிதந்தது.

புதுக் கிணற்றில் சோறு எப்படி வரும்? திரும்பிப் பார்த்தேன். வாசல்தோறும் ஈரக் குடங்கள், வாளிகள், சோற்றுப் பானைகள். நான் இறைத்து விட்ட தண்ணீரைக் கானோரமாக நின்று பிடித்து வைத்து, நான் தேத்தண்ணி குடித்த நேரத்தில் மேலே சுமந்து வந்து திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் வேலையைப் பாழாக்கிவிட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுத் தண்ணியும் கான்ல ஓடுது மிஸ். பாத்துக்கிட்டு நிக்க மனசு வரல. கெணறு காலியாக் கெடந்தா பெயில்னு எழுதிருவீங்களோன்னு பயம் வேற. ஆனா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டது அதுக்கில்ல, சத்தியமா."

வட்டவளையில் லயத்தில் பிறந்து, வாளி தூக்கியே வளர்ந்தவள் நான். அத்தனை தண்ணீரையும் கானில் விட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "நானும் லயத்துல பொறந்தவதான்க்கா, மன்னிச்சிருங்க," என்றேன்.

மறுநாள் மோட்டாரைப் போடும் முன் வீடு வீடாகப் போய்ப் பீப்பாக்களைக் கேட்டு வாங்கினேன். இறைத்த தண்ணீர் முழுவதும் அவற்றில் நிரம்பியது. துணி துவைக்க எடுத்துக்கொண்டார்கள். பிறகு அக்கா எல்லா வீட்டுக் குடங்களையும் வாங்கிக் கிணற்றடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். ஒருவரையும் கிட்டே விடவில்லை. ஊற்று நிதானமாகத்தான் ஏறியது. முந்தின நாள் அளவில் பாதிகூட வரவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. "போதாதா தங்கச்சி?"

"வீட்டுக்கு வீடு குழா குடுக்க முடியாதுக்கா. குளிக்க, தொவைக்கக் காணாது. சமைக்க, குடிக்கக் காணும். தண்ணி சுத்தமா இருந்தா ஒரு பொதுக் குழா வைக்கலாம்."

அவர் குடங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

அன்று புதிதாக மொண்டு அனுப்பிய தண்ணீர் நல்லது என்று சில வாரங்களில் முடிவு வந்தது. உடனே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அந்தச் சோத்துப் பருக்கைய எழுதிட்டீங்களா தங்கச்சி?"

"இல்லக்கா. அந்தத் தண்ணிய அன்னைக்கே கொட்டிட்டேன்."

"அப்ப குடிக்கிற தண்ணிக்கு நான் பள்ளத்துல எறங்க வேணாமா?"

"வேணாங்க்கா," என்றேன். அவர் அழுவது கேட்டது. நானும் அழுதேன்.