ஆறு நிரல் அட்டவணையும் அண்ணையின் கைப்பேசியும்

இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்கள் எல்லாரும் சாதுக்கள் என்று நினைத்தால் அது பெரிய பிழை. நான் அங்கே ஏழெட்டு வருடமாகத் தொகுப்பாளன். பகல் முழுவதும் அச்சுவேலியில் ஓர் அலுவலகத்தில் வாய் திறக்காமல் கோப்புப் பார்க்கிற மனிதன், பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்தால் வேறு ஆள். சண்டைக்குப் பெரிய விஷயம் எதுவும் தேவையில்லை. ஒரு திகதியைத் தடித்த எழுத்தில் போடலாமா என்பதே ஒரு கிழமைச் சண்டைக்குக் காணும்.

அந்த முறை சண்டை வந்தது எங்கள் பக்கத்துத் திரைப்பட விழா ஒன்றைப் பற்றிய கட்டுரையில். விழாவில் காட்டிய படங்களை ஒருவர் வரிக்கு ஒன்றாக, வெறும் பட்டியலாகப் போட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு நிரலில் ஓர் அட்டவணை கட்டினேன்: ஆண்டு, படம், மொழி, நாடு, நீளம், கடைசியில் இயக்குநர். கடைசி நிரல் அகலமாகிக்கொண்டு போனதால் இயக்குநர்களின் தகப்பன் பெயர்களையெல்லாம் ஒற்றை எழுத்தாக வெட்டினேன். பார்க்க அவ்வளவு வடிவு.

அடுத்த நாள் அட்டவணையைக் காணோம். அந்த மனிதர் பழையபடி பட்டியலாக்கியிருந்தார். நான் திருப்பிப் போட்டேன். அவர் கழற்றினார். பிறகு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இறங்கினோம். எங்கள் சண்டையில் மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. கோபம் ஏற ஏற ‘நீங்கள்’ போய்த் ‘தாங்கள்’ வரும். கைப்பேசியில் இவ்வளவு அகலமான அட்டவணை சரிவராது என்பதைத் தாங்கள் அறியவில்லையா என்று அவர் கேட்டார். கலைக்களஞ்சியத்தை ஒழுங்காக வாசிக்கிறவர்கள் கணினியில்தான் வாசிப்பார்கள் என்பதைத் தாங்கள் அறியவில்லையா என்று நான் கேட்டேன். எழுதிவிட்டுக் குடித்த தேத்தண்ணி அன்று தனிச் சுவை. மூன்றாம் நாள் அவர் களைத்துப்போனார். அட்டவணை நின்றது.

அதில் என் பெறாமகளின் படமும் இருந்தது. காங்கேசன்துறையில் கடற்றொழில் செய்கிற அண்ணையின் மூத்த மகள், கிழிந்த வலை பொத்துகிற பெண்களை வைத்துப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்திருந்தாள். இந்தியாவில் ஒரு விழாவுக்கு அதைக் கேட்டிருந்தார்கள். கப்பலில் போய்வர வேண்டும். அண்ணை விடவில்லை. படம் அவள் எடுத்தது என்பதையே அவர் நம்பவில்லை. யாருக்கோ கமரா தூக்கப் போனவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கலைக்களஞ்சியத்திலேயே தன் பெயர் இருக்கிறது என்று இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் காட்டு என்றிருக்கிறார்.

காட்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணை கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்து வாசித்தார். ஆண்டு தெரிந்தது, படத்தின் பெயர் தெரிந்தது, மொழி பாதி தெரிந்தது. அவ்வளவுதான். இயக்குநர் நிரல் திரைக்கு வெளியே போய்விட்டது. விரலால் இழுங்கோ என்று மகள் சொன்னாள். கயிறு இழுத்துத் தடித்த விரல் அது. எங்கேயோ பட்டு, இந்தியா என்ற கட்டுரை திறந்துகொண்டது. அண்ணை கைப்பேசியை மேசையில் வைத்தார்.

“ஆரோ எடுத்த படத்தோடை நீ ஏன் பிள்ளை கடல் தாண்டிப் போவான்?”

அவள் தகப்பனோடு மல்லுக்கட்டவில்லை. கண் நிறைய நீரோடு என்னைப் பார்த்தாள். “சித்தப்பா, நீங்கள்தானே உதெல்லாம் எழுதிறனீங்கள்?”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. என் கைப்பேசியை எடுத்து அந்தக் கட்டுரையைத் திறந்தேன். மூன்று நாள் சண்டை பிடித்து வென்ற அட்டவணையை நானே கழற்றி, அந்த மனிதரின் பட்டியலைத் திரும்பப் போட்டேன். காரணம் எழுதச் சொல்லிக் கேட்கும் பெட்டியில், “தாங்கள் சொன்னது சரி, அறியாதவன் நான்தான்” என்று எழுதினேன். எழுத நெஞ்சு கொஞ்சம் எரிந்தது உண்மைதான்.

கைப்பேசியை அண்ணையிடம் நீட்டினேன். இப்போது முழு வரியும் தெரிந்தது. அந்த மனிதர் ஒரு பெயரையும் வெட்டியிருக்கவில்லை. முதலில் தகப்பன் பெயர் முழுதாக, அதை ஒட்டி மகளின் பெயர். நான் ஒற்றை எழுத்தாக்கியது என் சொந்த அண்ணையின் பெயரை என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணை இரண்டு தரம் வாசித்தார். உடுத்திருந்த சாரத்தின் நுனியால் திரையைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

“என்ரை பேரையும் போட்டிருக்கிறாங்கள்” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “கப்பல் எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?” என்று கேட்டார்.