ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

நான் பிறந்த அன்றைக்கே வக்கீலாகிவிட்டேன். அப்பா மதுரைக் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது ஆண் குழந்தை என்று சேதி சொன்னார்களாம். "வக்கீலு வந்துட்டான்டா" என்றாராம். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் வேறு பெயர் இருந்தது. ஊருக்கு நான் வக்கீல். கொய்யாக்காய் திருடி மாட்டிக்கொண்டால்கூட, "வக்கீலே இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காதைத் திருகுவார்கள்.

என்னை வக்கீலாக்கிய வழக்கு என்னைவிட மூன்று மாதம் மூத்தது. அப்பாவும் அவருடைய கூடப்பிறந்த அண்ணனும் பாகம் பிரிந்தார்கள். நிலத்தை இரண்டாக்கலாம், கிணற்றை எப்படி இரண்டாக்குவது? மாடு கட்டிக் கமலை இறைக்க முறை வைத்துப் பத்திரம் எழுதினார்கள். திங்கள், செவ்வாய், புதன் பெரியப்பாவுக்கு; வியாழன், வெள்ளி, சனி அப்பாவுக்கு. பத்திரம் எழுதியவருக்கு ஞாயிறு விடுமுறை என்பதாலோ என்னவோ, அந்த நாளை எழுதவே இல்லை. கைநாட்டு வைத்த இருவருக்கும், முதல் ஞாயிறன்று கிணற்றடியில் மாடுகளோடு எதிரெதிரே நின்றபோதுதான் அது தெரிந்தது.

ஞாயிறு என்னுடையது என்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வரும்வரை ஞாயிறன்று யாருமே இறைக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. அதிலிருந்து வாரத்தில் ஒருநாள் இரண்டு வீட்டுப் பயிரும் சமமாகக் காய்ந்தது.

வாய்தா நாளில் வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில்தான் போவார்கள். ஒரே கோர்ட்டுக்கு எதற்கு இரண்டு வண்டி? காளை ஒன்று அப்பாவுடையது, மற்றொன்று பெரியப்பாவுடையது. கட்டுச்சோறு பெரியம்மா, துவையல் அம்மா. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, டவாலிச் சேவகன் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த வாய்தா சொன்னதும் வெளியே வந்து, "வாங்கண்ணே, பொழுது சாயுறதுக்கு முன்னாடி கெளம்பிருவம்" என்பார் அப்பா.

இந்த வழக்கை நான் வந்து ஜெயித்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னை மதுரையில் விடுதியில் வைத்து பி.ஏ. படிக்க வைத்தார். அடுத்தது சென்னையில் சட்டப் படிப்பு. அதற்கு மனுப் போடும் மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. எனக்கு வாதாட வராது. யார் எதைச் சொன்னாலும் சரி என்றே பட்டுத் தொலைக்கும். கல்லூரியில் ஒரு விவாதக் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரன் பேசி முடித்ததும் முதலில் கைதட்டியது நான்தான். விடுதியில் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் எனக்கு உற்சாகமாக இருக்கும். வாத்தியாராகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். நாலு தடவை ஊருக்குப் போயும் நாக்கு எழவில்லை. அந்த மனிதர் பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கிறாரே!

அப்போதுதான் அப்பாவின் வக்கீல் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "வருங்கால ஜூனியர் இல்லையா? கேஸ் சுருக்கத்தை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டாரும், பார்ப்போம்."

ராத்திரியெல்லாம் விழிக்கவில்லை; அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கணக்குப் போடுகிறவன் விடையை எழுதாமல் விடுவானா? 'ஒரு ஞாயிறு அண்ணனுக்கு, மறு ஞாயிறு தம்பிக்கு' என்று எழுதி, பழக்க தோஷத்தில் அதன் கீழே இரண்டு கோடும் போட்டேன். வாய்தா நாளன்று கோர்ட் தாழ்வாரத்தில் வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பாராமல் தாக்கல் செய்கிற கட்டோடு கட்டாக வைத்துக் கட்டி உள்ளே அனுப்பிவிட்டார்.

முன்சீப் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "இரண்டு கட்சிக்கும் இது சம்மதமா?" என்று தமிழிலேயே கேட்டார்.

வக்கீல்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கட்சிக்காரர்கள் சொல்லட்டும் என்று முன்சீப் கையமர்த்தினார். அப்பா, அண்ணன் மறுப்பார் என்று காத்திருந்தார். பெரியப்பா, தம்பி மறுப்பான் என்று காத்திருந்தார். சபையில் முதலில் முரண்டு பிடித்த பெயர் யாருக்கு வேண்டும்?

"தம்பி சரின்னா எனக்குச் சரிதானுங்க" என்றார் பெரியப்பா.

"அண்ணன் சரின்னா சரி" என்றார் அப்பா, செத்த குரலில்.

ராஜியாகி வழக்கு முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் வக்கீல் என்னைத் தூணோரம் இழுத்துப் போனார். "அந்தக் கடைசி வரியை எந்தப் புஸ்தகத்தில் பார்த்தீர்?"

"எதிலும் பார்க்கலை சார். தோணுச்சு."

"தோணக் கூடாது" என்றார். "இது எங்களுக்கு மட்டும் தோணாமலா இருந்தது? தயவுசெய்து நீர் இந்தத் தொழிலுக்கு வராதேயும்."

அன்று கட்டுச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வண்டி பசுமலையைத் தாண்டியது. திருப்பரங்குன்றம் மலை தெரிந்ததும் முருகனை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அய்யா, நான் வக்கீலுக்குப் படிக்கல. வாத்தியாராப் போறேன்."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே படிச்சு என்னத்துக்கு? இருந்த ஒரு கேசையும் முடிச்சுப்புட்ட."

இம்புட்டுதானா என்று இருந்தது. எத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்தேன்! நிம்மதியோடு கொஞ்சம் ரோஷமும் வந்தது. வழக்கு இல்லையென்றால் நான் யாராகப் போனாலும் அவருக்கு ஒன்றுதானா?

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி வாசலில் அந்த வண்டி நின்றது. அப்பாவும் பெரியப்பாவும் வாய்தாவுக்குப் போடும் சட்டையோடு, கட்டுச்சோற்றுத் தூக்கை நடுவில் வைத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்கய்யா, கேசுதான் முடிஞ்சு போச்சே?"

"அதுக்காக டவுன்பக்கம் வரக் கூடாதா?" என்றார் அப்பா.

"இன்னைக்குக் கெணறு யாரு முறை?"

"எம் முறைதான்" என்றார் பெரியப்பா. "ஆளுக்கொரு மாட்டப் பூட்டி இங்க வந்துட்டோம். எங்குட்டு எறைக்கிறது?"

பத்தொன்பது வருஷம் அடித்துக்கொண்ட ஞாயிறு இது. நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. அப்பா எனக்கு ஓர் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, துவையலைத் தள்ளினார். அம்மாவின் துவையலை நான் சாப்பிடச் சாப்பிடத்தான் இருவர் முகத்திலும் களை வந்தது. அதைப் பார்க்க எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "மேக்கு வரப்புல ஒரு பனைமரம் நிக்கிது. அது யாருதுன்னு பத்தரத்துல சரியாத் தெரியல."

"ஆமாடா" என்றார் அப்பா, உற்சாகமாக. "நீ டவுன்ல நாலு பேரத் தெரிஞ்சவன். ஒரு நல்ல வக்கீலாப் பாத்துச் சொல்லு. ஒன்னைய மாதிரி ஆளு மட்டும் வேணாம்."